விவேகத்துக்கு ஒரு பகடை

மருத்துவமனையில் அவளுக்குப் பிடிக்காரி என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது. இருபத்தெட்டு வருஷத்தில் அது எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், அவளே தொலைபேசியை எடுத்து "பிடிக்காரி பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். மணிக்கட்டு முறிந்தவர்கள், விரலில் தையல் போட்டவர்கள், வாதம் வந்து ஒரு பக்கம் துவண்டவர்கள் எல்லோரும் இரண்டாம் மாடியின் கடைசி அறையில் அவள் எதிரே வந்து உட்காருவார்கள். பிடியின் வலுவை அளக்கிற ஒரு இரும்புக் கைப்பிடியை அவள் நீட்டுவாள். அழுத்தச் சொல்வாள். முள் எத்தனை கிலோவில் நிற்கிறதோ அதை அட்டையில் எழுதுவாள். பிறகு ரப்பர் பந்து, களிமண், துணி பிழிகிற பயிற்சி. அடுத்த வாரம் மறுபடி அழுத்தச் சொல்வாள். ஆறு மாதம் கழித்து அட்டையை மூடி வைப்பாள். அவ்வளவுதான் வேலை.

கல்யாணமாகி நாலாவது வருஷம் கணவன் போய்விட்டான். செத்துப்போகவில்லை, வேறு ஊரில் வேறு குடும்பம். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவளைவிடப் பதின்மூன்று வயது பெரியவர். லிஃப்ட் செய்யும் கம்பெனியில் வரைபடம் போடுகிறவர். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகும்.

முதல் மூன்று மாதம் அவள் வேலைக்குப் போவாள், திரும்புவாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டு வாசலில் வரும், வாசலில் போகும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் கதவைத் தட்டி, ஒரு ஆள் குறைகிறது, சும்மா வந்து உட்கார் என்றார். சாப்பாட்டு மேஜையில் ஒரு பல் டாக்டரும் ஒரு தபால்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். பகடைகள், பென்சில்கள், அண்ணன் கையால் வரைந்த ஒரு தேசத்தின் வரைபடம்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதையில் ஒரு ஆள். கதைசொல்கிறவர் "கோட்டைக் கதவு பூட்டியிருக்கு, என்ன பண்ணப்போறே?" என்று கேட்பார். நீ சொல்ல வேண்டும். உன் ஆளுக்கு ஒரு தாள், தாளில் ஆறு எண்கள்: வலிமை, வேகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். கதவை உடைக்க வேண்டுமென்றால் பகடையை உருட்டி, வலிமையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் கதவு உடையாது, தோள்தான் உடையும். அறிவுக்கும் விவேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள். மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. அண்ணன், "மழை வரும்னு தெரியறது அறிவு. குடையை எடுத்துட்டுப் போறது விவேகம்," என்றார்.

அவளுக்கு ஒரு வாள்காரியின் தாளைக் கொடுத்தார். அன்று அவள் மூன்று பேரை வெட்டினாள். இரவு சாப்பாட்டுக்கு அவளாகவே மேஜைக்கு வந்தாள்.

அடுத்த வருஷம் இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். ஆனால் சனிக்கிழமை தவறவில்லை. இருபத்தாறு வருஷம். கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர் என்பதால் அண்ணனை மற்றவர்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டில் குடிவந்தவர்கள் அவர் தையல் மாஸ்டரா, டான்ஸ் மாஸ்டரா என்று அண்ணியிடம் விசாரித்ததுண்டு. அண்ணிக்கு இந்த ஆட்டத்தில் ருசி இல்லை. "நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தை வச்சுக்கிட்டு நாள் பூரா உட்காந்திருக்கீங்க, அடுப்படியில கிடக்கற பாத்திரத்துக்குத்தான் ஆளில்லை," என்பாள். சொல்லிவிட்டு டீ போட்டும் கொடுப்பாள்.

மாஸ்டர் எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். எந்த ஊர்க் காவலனுக்கு ஒரு கண் இல்லை, எந்தப் பாலத்தில் மூன்றாவது பலகை ஆடும், ஒன்பது வருஷத்துக்கு முன் தபால்காரர் ஆடுகிற திருடன் யாரிடம் என்ன பொய் சொன்னான், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. டாக்டர் வேண்டுமென்றே பழைய விஷயத்தைக் கிளறிச் சோதிப்பார். ஒரு தடவைகூட மாஸ்டர் சிக்கியதில்லை.

அவர் ஓய்வு பெற்று ஐந்தாறு வருஷம் ஆன பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். ஒரே கதவைப் பற்றி ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை கேட்டார். அவர்கள் எப்போதோ கொன்று புதைத்த ஒரு தளபதி மறுபடி குதிரையில் வந்தான். தபால்காரர் எடுத்துச் சொன்னதும் மாஸ்டர் ஒரு நொடி நின்று, "அது அவனோட ரெட்டைப் பிறவி," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல திருப்பம் என்றார்கள். அவள் மட்டும் கைதட்டவில்லை. அவள் அறைக்கு வருகிற கிழவர்களில் ஒரு வகை உண்டு. இன்று என்ன கிழமை என்று கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஏதாவது நகைச்சுவை சொல்வார்கள். கிழமையை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த மாதம் வரைபடத்தில் நதி மலைக்குக் கிழக்கே ஓடியது. இருபது வருஷமாக மேற்கே ஓடிய ஆறு. வரைவதையே தொழிலாக வைத்திருந்தவர் போட்ட கோடு அது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனாள். அண்ணி சந்தோஷமாக இருந்தாள், கணவனும் மனைவியுமாக மலை ஊருக்குப் போய்வரத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அவள் முதலில் கவனித்து ஒரு வருஷம் ஆகும்போது பல் டாக்டர் ஒரு பேச்சை எடுத்தார். நமக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது, நம்முடைய ஆட்கள் மட்டும் இன்னும் இளந்தாரிகளாகவே திரிகிறார்களே என்றார். கதையை ஒரே தாவலாக முப்பது வருஷம் முன்னால் தள்ளலாம், எல்லோரும் கிழவர்களாகத் திரும்பி வரட்டும். மாஸ்டருக்கு யோசனை பிடித்துப்போனது. கதை சொல்கிறவர் ஆனாலும் அவருக்கும் ஒரு ஆள் உண்டு, எப்போதும் கூட்டத்தோடு நடக்கிற நாற்பது வயது மந்திரவாதி; அவனும் எழுபது வயதில் வருவான். ஆனால் வயதானால் அந்த ஆறு எண்களும் எப்படி மாற வேண்டும்?

மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வலிமை, வேகம், உடலுறுதி மூன்றிலும் ஒவ்வொன்று குறையும். அறிவு, விவேகம், வசீகரம் மூன்றிலும் ஒவ்வொன்று கூடும். உடம்பு கொடுத்ததை மனசு வாங்கிக்கொள்ளும், கணக்கு நேர் என்றார்.

"அப்படி நேரா வராது, அண்ணே," என்றாள் அவள்.

"ஏன் வராது?"

வாரத்துக்கு எண்பது பேரின் கையைப் பிடிக்கிறவள் நான் என்றாள். கல் தூக்கிப் பிழைத்த எழுபது வயதுக்காரர் அழுத்தினால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முப்பது வயதுக்காரரைவிட முள் மேலே போகிறது. வலிமை சரிவில் இறங்குவதில்லை, படியில் இறங்குகிறது. பத்து நாள் ஜுரத்தில் படுத்தவருக்குப் பத்து வருஷத்து வலு போய்விடும். எழுந்து நடந்தாலும் முழுதாகத் திரும்பாது. இதையெல்லாம் சொன்னாள்.

"சரி, வலிமையை நீ பார்த்துக்க. விவேகம் கூடும்ல?"

"கூடறவங்களும் உண்டு. அம்பது வருஷம் ஒரே தப்பைப் பண்றவங்களும் உண்டு."

தபால்காரர், முப்பது வருஷம் சும்மா கிழவனானதுக்கு என் திருடனுக்கு ஏதாவது கொடுத்துத்தானே ஆக வேண்டும், பென்ஷன் மாதிரி என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டு, விதியை நீயே எழுதிக்கொண்டு வா, பாப்பா என்றார்.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்து அந்த அறையிலேயே உட்கார்ந்து, பழைய அட்டைகளைப் புரட்டி எழுதினாள். வயதை மட்டும் வைத்து எதையும் குறைக்கக் கூடாது என்று ஆரம்பித்தாள். உழைத்த கைக்கு அறுபது வரை வலிமை குறையாது. உழைக்காத கைக்கு நாற்பதிலேயே ஒன்று குறையும். கதையில் சாகப் பிழைக்கக் கிடந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று கழியும், திரும்பாது. வேகம் மட்டும் எல்லோருக்கும் குறையும், அதில் சலுகை இல்லை. ஆனால் காத்திருக்கத் தெரிந்தவன் ஒரு ஆட்டத்தில் ஒரு முறை மற்றவன் அவசரத்தைத் தனக்குச் சாதகமாக்கலாம். அறிவு அப்படியே இருக்கும். புதிதாக ஒன்றைக் கற்க மட்டும் இரண்டு மடங்கு நாள் ஆகும். வசீகரம் தெரிந்தவர்களிடம் ஒன்று கூடும், தெரியாதவர்களிடம் ஒன்று குறையும்.

விவேகத்துக்கு வந்ததும் பேனா நின்றது. இரண்டு நாள் அந்த இடத்தை வெற்றாகவே வைத்திருந்தாள். பிறகு எழுதினாள்: ஐம்பதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு ஒரு முறை பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் ஒன்று கூடும். இரண்டு முதல் நாலு வரை அப்படியே. ஒன்று விழுந்தால் மூன்று குறையும், அதை அந்த ஆள் தானாக உணர மாட்டான். கூட இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசி வரியை எழுதும்போது அவளுக்குத் தெரியும், தான் யாரை எழுதுகிறோம் என்று. வாயால் சொல்ல முடியாததைத் தாளில் போட்டால் அவராகவே படித்துப் புரிந்துகொள்வார் என்று நினைத்தாள். இல்லாவிட்டால் அண்ணியோ டாக்டரோ புரிந்துகொள்வார்கள். யாரோ ஒருவர் பேசட்டும், தான் பேசாமல் இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் உருட்டினார்கள். தபால்காரரின் திருடன் விவேகத்தில் இரண்டு கூடி வந்தான். இனித் திருட்டை விட்டுவிட வேண்டியதுதான் என்று தபால்காரர் வருத்தப்பட்டார். டாக்டர், பல் விழுவதற்கும் ஒரு கழித்தல் வைத்திருக்கலாம் என்றார். மந்திரவாதிக்கு இரண்டு உருட்டு. அறுபதுக்கு மூன்று விழுந்தது. எழுபதுக்கு ஒன்று.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "மந்திரமெல்லாம் மறந்துடுச்சு, மாஸ்டர்."

விவேகம் பதினேழு, அதில் மூன்று போக வேண்டும். மாஸ்டர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பென்சில் தாளுக்கு மேல் நின்றது. பிறகு பதினைந்து என்று எழுதினார். அவள் பார்த்தாள். ஏமாற்றுகிறாரா, கழிக்க வரவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் இல்லை.

மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிய பிறகு அவளை வாசல்படியருகே நிறுத்தினார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். இதை எழுதும்போது யாரை நினைச்சு எழுதினே?"

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களை."

"அவங்க யாரும் கூட இருக்கறவங்க சொல்லணும்னு காத்துக்கிட்டிருக்கறதில்லையே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கேட்டது அவர்தான், இடம் கொடுத்ததும் அவர்தான்.

"உன்னைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டவன் நான்," என்றார். "நீ என்னை முட்டாள்னு எழுதி, ஊரைக் கூட்டிப் படிச்சுக் காட்டிட்டே."

கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வாரம் ஆட்டம் இல்லை என்று டாக்டருக்குத் தகவல் போனது. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் இரண்டு தடவை போய் மணி அடித்தாள். அவர் தூங்குகிறார் என்று அண்ணி சொன்னாள். இரண்டு தடவையும் உள்ளே அவர் இருமுவது கேட்டது. எதற்கோ அண்ணன் தங்கை சண்டை, தானாகச் சரியாகும் என்று அண்ணி விட்டுவிட்டாள். இப்போது போய் அவருக்கு மறதி வருகிறது என்று சொன்னால் கோபத்தில் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று இவளும் விட்டுவிட்டாள். நாலு மாதம் அப்படியே போனது.

அதன் பிறகு அண்ணனும் அண்ணியும் மலை ஊருக்குக் காரில் கிளம்பினார்கள். ஓட்டியது அவர். ஊர் எல்லை தாண்டவே இல்லை. முப்பது வருஷமாக அவர் வேலைக்குப் போன தெருவிலேயே, எதிர் வண்டிகள் வரும் பக்கத்தில் ஏறிப் போனார். எதிரே வந்த லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் கார் மதிலில் மோதியதோடு நின்றது. அவருக்குக் கீறல்கூட இல்லை. அண்ணியின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அண்ணி இரண்டாம் மாடியின் கடைசி அறைக்கு வந்தாள். வேறு யாரிடமாவது மாற்றி விடச் சொல்லலாமா என்று பிடிக்காரி யோசித்தாள். அந்த வேலைக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

முதல் வாரம் ஆறு கிலோ. அடுத்த வாரம் ஒன்பது.  பந்தை அழுத்தச் சொன்னால் அண்ணி அழுத்தினாள். மூன்றாவது வாரம் பதினொன்று. நாலாவது வாரம் வந்து உட்கார்ந்ததுமே சொன்னாள்: அவரை மூளை டாக்டரிடம் காட்டினேன், எப்போது ஆரம்பித்தது என்று அந்த டாக்டர் கேட்டார், ஆறு மாதம் என்று சொன்னேன், இல்லை, இரண்டு வருஷமாவது இருக்கும், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

"என்கிட்ட அவர் மறைச்சார். சமையல், கடை, டிவி, இதுல என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்? வாரா வாரம் நாலு மணி நேரம் எதிர்ல உட்காந்திருந்தவ நீ. உன் கண்ணுக்கு எதுவும் படலையா?"

இல்லை என்று சொன்னால் தீர்ந்தது. அண்ணி நம்பியிருப்பாள்.

"பட்டுது அண்ணி."

"எப்போ?"

"ஆட்டத்துக்கு அந்த வயசு விதியை எழுதறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே."

அண்ணியின் கையில் கருவி இருந்தது. அவள் அதை அழுத்தினாள். முள் பதினாறுக்குப் போய் நின்றது. அழுத்திக்கொண்டே நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருஷம்," என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, பகடைக்கு விதி எழுதியிருக்கே. கார் சாவியை நான் பிடுங்கி வச்சிருப்பேனே."

பிடிக்காரி கருவியை வாங்கி வைத்தாள். அட்டையில் பதினாறு என்று எழுதினாள். அடுத்த வாரம் அது பதினாலுக்கு இறங்கியது. அதற்கப்புறம் எத்தனை பயிற்சி கொடுத்தும் பதினாலைத் தாண்டவில்லை. ஆறு மாதம் ஆனதும் அட்டையை மூடினாள்.

அவர் நினைவு பிறகு வேகமாக இறங்கியது. லிஃப்ட் கம்பெனி போயிற்று, தபால்காரர் முகம் போயிற்று, அம்மா இறந்தது போயிற்று. அம்மா எங்கே என்று தினமும் கேட்டார். பல் டாக்டர் மட்டும் சனிக்கிழமைகளில் வந்து எதிரே உட்கார்ந்து, அவர் கையில் பகடையைக் கொடுத்து உருட்டச் சொல்வார். அவருக்கு அது பிடித்திருந்தது. எந்த எண் விழுந்தாலும் ஜெயித்துவிட்டதாக டாக்டர் சொல்வார்.

அதே டாக்டர் ஒரு நாள் பிடிக்காரியைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்தார். தன் கிளினிக்கில் வேலை பார்க்கும் இளைஞர்களோடு புதிதாக ஒரு ஆட்டம் ஆரம்பித்திருப்பதாகவும், அவள் எழுதிய வயது விதியைக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நியாயமான விதி என்றார். இத்தனை நியாயமாக எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது, யாருக்காவது ஒன்று விழுந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்றார். "அப்படியா," என்றாள்.

அண்ணி ஒருநாள் ஆள் அனுப்பினாள். ஒரு கையால் அவரைக் குளிப்பாட்ட முடியவில்லை, வேறு யாரும் இல்லை, சனிக்கிழமையாவது வா. மன்னித்ததாக அதில் ஒன்றும் இல்லை.

அவள் போனாள். கூடத்தில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மேஜைக்கு முன்னால் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ரொம்ப மெலிந்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியாது என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

"யாருன்னு தெரியுதா மாஸ்டர்?" என்றார் டாக்டர்.

"தெரியும்," என்றார் அவர். பேர் சொல்லவில்லை, பாப்பா என்றும் சொல்லவில்லை. "என்னை முட்டாள்னு எழுதினவ. வெளியில போகச் சொல்லு."

அம்மா இறந்ததையே மறந்தவருக்கு அது மறக்கவில்லை. டாக்டர் என்ன செய்வது என்று தெரியாமல் பகடையை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் உருட்டவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அண்ணே என்று ஆரம்பித்தாள்.

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

"அவர் கண்ணுல படாத மாதிரி பின்பக்கமா வா," என்றாள். "துணி ஊறிக்கிட்டிருக்கு. பிழிஞ்சு போடணும்."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். வாளியில் அண்ணனின் நாலு வேட்டியும் இரண்டு போர்வையும் ஊறிக்கொண்டிருந்தன. சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே டாக்டர் ஏதோ சொல்லி அவரைச் சமாதானம் செய்துகொண்டிருப்பது கேட்டது. போர்வை கனமாக இருந்தது. ஒரு முனையை அண்ணி இடது கையால் பிடித்துக்கொண்டாள், இவள் முறுக்கினாள்.